தண்ணீர் பட்டால் பொங்கும் மண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பைல், அதாவது நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், போடும் வேலையைப் பற்றி எழுதியபோது, குழிக்குள் பென்டோனைட் என்ற மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கோழிப்பண்ணைக்காரர் முதல் பூனை வளர்ப்பவர் வரை கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க பென்டோனைட்தான், வேறு கேள்விகள் அடுத்த முறை.

சென்னை, மயிலாப்பூர் வாசகர்: மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் பழுப்புச் சேற்றைத் தொட்டி தொட்டியாகக் கலக்கிக் குழிக்குள் விடுகிறார்கள். தோண்டுவது மண்ணை எடுக்கத்தானே? எடுத்த இடத்தில் மறுபடி சேற்றை ஊற்றினால் என்ன அர்த்தம்?

நியாயமான கேள்வி. உங்கள் பகுதியில் கொஞ்சம் ஆழம் போனாலே மணலும் ஊற்றுநீரும் வந்துவிடும். அங்கே 20 மீட்டர் ஆழத்துக்குச் சுவர் மாதிரி ஒரு குறுகிய பள்ளம் தோண்டினால், வாளி மேலே வருவதற்குள் இரண்டு பக்கமும் சரிந்து மூடிவிடும். வெறும் தண்ணீரை நிரப்பினாலும் நிற்காது, தண்ணீர் மணலுக்குள் ஓடிப்போகும்.

பென்டோனைட்டைக் கரைத்தால் கதை மாறுகிறது. 1000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 40 முதல் 60 கிலோ தூள், அவ்வளவுதான். அது முதலில் பக்கத்து மணலுக்குள் கொஞ்சம் கசியப் பார்க்கும். கசியும்போதே மெல்லிய தகடுகளாக உள்ள அதன் துகள்கள் மணல் சுவரின் மேல் படிந்து, சில மில்லிமீட்டர் கனத்தில் தண்ணீர் புகாத ஒரு படலம் ஆகிவிடும். படலம் வந்தபின் உள்ளே இருக்கும் கரைசல் வெளியே போக முடியாது, அதன் எடை முழுக்கச் சுவரைத் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். இதனால்தான் கரைசலின் மட்டம் வெளியே உள்ள நிலத்தடி நீர் மட்டத்தைவிட எப்போதும் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தே இருக்க வேண்டும் என்று சைட்டில் கத்திக்கொண்டே இருப்பார்கள். மட்டம் இறங்கினால் சுவர் இறங்கும். தோண்டி முடித்ததும் கம்பிக் கூட்டை இறக்கி, அடிவரை போகும் ஒரு குழாய் வழியாகக் கான்கிரீட்டைக் கீழிருந்து மேலாக நிரப்புவார்கள். கான்கிரீட் கனமானது, அது ஏற ஏறக் கரைசல் மேலே வழிந்து வரும். அதைப் பிடித்து, மணலை வடிகட்டி, அடுத்த குழிக்கு எடுத்துப் போவார்கள். 1950களில் இத்தாலியில் வளர்ந்த முறை இது. மிலான் நகர மெட்ரோவின் முதல் பாதை இப்படித்தான் கட்டப்பட்டது.

இந்தக் கரைசலுக்கு இன்னொரு குணம் உண்டு. கலக்கினால் தண்ணீராக ஓடும், சும்மா விட்டால் கூழாகக் கட்டிக்கொள்ளும், திரும்பக் கலக்கினால் மறுபடி ஓடும். மண்ணில் துளை போடுகிறவர்கள் எல்லாரும் இதை விரும்புவதற்குக் காரணம், பம்ப் நின்றாலும் கரைசலில் மிதக்கும் வெட்டுமண் உடனே அடியில் போய் உட்காராது என்பதுதான். சைட்டில் ஒரு புனலைப் பார்த்திருப்பீர்கள், மார்ஷ் புனல் என்பார்கள். அதில் ஒன்றரை லிட்டர் கரைசலை ஊற்றி, 946 மில்லி வெளியே வர எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுவார்கள். நல்ல தண்ணீர் என்றால் 26 நொடி. புதுக் கரைசல் 30 நொடிக்குக் கீழே இருந்தால் அது போதாது, இன்னும் தூள் போடு என்று அர்த்தம். நானோ தொழில்நுட்பம் என்று பேசுகிற காலத்தில் ஒரு புனலும் கடிகாரமும்தான் இத்தனை பெரிய சுவரைக் காக்கின்றன.

அதே வாசகர்: சுரங்க வேலையின்போது வீட்டுக்குள்ளும் சாலையிலும் சேறு பொங்கியதாகச் செய்தியில் படித்தேன். விஷமா?

விஷம் இல்லை. சுரங்க இயந்திரத்தின் முன்னால் அழுத்தத்தில் இருக்கும் கரைசலுக்குக் கைவிட்ட போர்வெல்லோ மூடிய பழைய கிணறோ கிடைத்தால் அந்த வழியாக மேலே வந்துவிடும். வழுக்கும், சாக்கடையில் போனால் அடைக்கும். அதனால் உடனே தகவல் சொல்லுங்கள், நீங்களே தண்ணீர் விட்டுக் கழுவிச் சாக்கடைக்குள் தள்ளாதீர்கள்.

திருச்சி, கல்லூரி மாணவி: களிமண் எல்லாம் ஒன்றுதானே சார்? பானை செய்கிற மண் ஊறினால் குழைகிறது. இது மட்டும் ஏன் பல மடங்கு வீங்குகிறது?

ஒன்று இல்லை அம்மா. உன் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற கடிதங்களுக்கெல்லாம் பாதிப் பதில் கிடைத்துவிடும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பென்டோனைட் என்பது பாறையின் பெயர். அதில் பெரும்பங்காக இருக்கும் கனிமம் மாண்ட்மோரிலோனைட். பிரான்சில் மாண்ட்மோரிலோன் என்ற ஊரில் கிடைத்ததால் 1847-இல் அந்தப் பெயர். பென்டோனைட் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துச் சமாச்சாரம், 1898-இல் வந்த பெயர். அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பல் கடலில் விழுந்து, ஊறி, மாறி உண்டான படிவு. நம் நாட்டில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மேர் பக்கமும் வெட்டி எடுக்கிறார்கள். கட்ச் மண் தக்காண எரிமலைக் குழம்போடு தொடர்புடையது.

இப்போது உள்ளே போவோம். ஒரு துகளைப் பிரித்துப் பார்க்க முடிந்தால் அது அடுக்கிவைத்த அப்பளக் கட்டு. ஒவ்வொரு அப்பளமும் சுமார் ஒரு நானோமீட்டர் கனம்: மேலும் கீழும் சிலிக்கா தகடு, நடுவில் அலுமினா தகடு. அந்த நடுத் தகட்டில் சில இடங்களில் அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கும். அலுமினியத்துக்கு மூன்று நேர் மின்னூட்டம், மெக்னீசியத்துக்கு இரண்டு. ஒன்று குறைகிறதல்லவா, அதனால் தகடு முழுவதற்கும் எதிர் மின்னூட்டம் மிச்சம். அதைச் சரிக்கட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவில் சோடியமோ கால்சியமோ வந்து தங்கும். தங்குவதுதான், ஒட்டிக்கொள்வது இல்லை. தண்ணீர் வந்ததும் இந்த அயனிகள் தண்ணீர் மூலக்கூறுகளைத் தங்களைச் சுற்றி இழுத்துக்கொள்ளும், இடம் போதாமல் தகடுகள் விலகும். வீக்கம் என்பது இதுதான்.

பானை மண்ணில் பெரும்பாலும் இருக்கும் கயோலினைட்டில் தகடுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், நடுவில் அயனியும் இல்லை, தண்ணீர் நுழைய வழியும் இல்லை. துகள்களுக்கு வெளியே தண்ணீர் சுற்றுவதால் குழையும், அவ்வளவுதான். குயவர் மண்ணில் கொஞ்சம் மாண்ட்மோரிலோனைட் கலந்திருந்தால் நல்ல இழுவை வரும். கூடிப்போனால் காயும்போதே பானை விரிசல் விடும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். நடுவில் இருப்பது கால்சியம் என்றால், இரண்டு மின்னூட்டம் கொண்ட அது இரு பக்கத் தகடுகளையும் விடாமல் இழுத்து வைத்திருக்கும். தகடுகள் ஓரளவு விலகி, அதாவது ஓர் அடுக்குக்கு 2 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அளவில், நின்றுவிடும். சோடியம் என்றால் பிடி தளர்வு. அந்த எல்லையைத் தாண்டி, நல்ல தண்ணீரில் தகடுகள் தனித்தனியாகவே பிரிந்துபோகும். நோரிஷ் என்ற விஞ்ஞானி 1954-இல் எக்ஸ்-கதிர் வைத்து இந்த இரண்டு நடத்தைகளையும் அளந்து காட்டினார். ஆக சோடியம் பென்டோனைட் பத்து, பதினைந்து மடங்குகூட வீங்கும், கால்சியம் பென்டோனைட் இரண்டு மூன்று மடங்கோடு சரி. ஒரு கிராம் தூளில் உள்ள தகடுகளின் இரு பக்கப் பரப்பையும் கூட்டினால் 700 சதுர மீட்டருக்கு மேல் வரும், மூன்று கிரவுண்டு மனை! பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி அங்கிருந்துதான் வருகிறது.

கோவில்பட்டி வாசகர்: எங்கள் கரிசல் காட்டில் கட்டிய வீடு நான்காம் வருடமே மூலைக்கு மூலை வெடித்துவிட்டது. மண்தான் காரணம் என்கிறார் கொத்தனார். நீங்கள் சொல்லும் அதே மண்ணா?

அதே குடும்பம். கரிசலில் மாண்ட்மோரிலோனைட் வகைக் கனிமங்கள் நிறைய. பருத்திக்கு ஈரத்தைப் பிடித்துவைத்து வாழ வைப்பதும் அதுதான், கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பதும் அதுதான். ஐப்பசியில் ஊறித் தூக்கும், சித்திரையில் வற்றி இறக்கும். தரை மொத்தமும் ஒரே சீராக ஏறி இறங்கினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நடு வீட்டுக்கு அடியில் ஈரம் மாறாமல் இருக்க, ஓரங்களில் மட்டும் வருடம் ஒருமுறை ஏறி இறங்குகிறது. சுவர் மூலையில் சாய்வாக வெடிப்பு வருவது அதனால்தான்.

கொத்தனார் சொல்வதை நீங்களே பரிசோதிக்கலாம், பெரிய ஆய்வகம் வேண்டாம். காய வைத்து 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி அளவுக் குழல் இரண்டு. ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணை இரண்டிலும் போட்டு, குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழை எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெய்க்குத் தகடுகளுக்கு நடுவில் நுழையும் குணம் இல்லை, அதனால் அங்கே மண் வீங்காமல் அப்படியே படியும். மறுநாள் மண்ணெண்ணெயில் 12 மில்லி, தண்ணீரில் 24 மில்லி என்று வந்தால், கூடிய 12-ஐ 12-ஆல் வகுத்து நூற்றால் பெருக்குங்கள்: வீக்கம் 100 சதவீதம். இந்திய தர நிர்ணயப்படி 50-க்குக் கீழே என்றால் பயம் குறைவு, 50 முதல் 100 வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் சாதாரண அஸ்திவாரம் போட்டுவிட்டுத் தூங்க முடியாது.

இனிமேல் கட்டுகிறவர்களுக்கு வழி இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்தக் கரிசலுக்காகவே குமிழ் வைத்த பைல் முறையை வளர்த்தெடுத்தது. சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்தில், பருவ ஈரம் எட்டாத இடத்தில், தண்டைப் போல் இரண்டரை மடங்கு விட்டத்தில் ஒரு குமிழை வெட்டிக் கான்கிரீட் நிரப்புவது. மேல் மண் தூக்கினாலும் குமிழ் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். பைல்களின் தலைகளை இணைத்துச் சுவரைத் தாங்கும் கிரேடு பீமுக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும் என்பதை மட்டும் மேஸ்திரிகள் மறந்துவிடுவார்கள், அங்கே மண்ணை அடைத்து வைத்தால் செய்ததெல்லாம் வீண்.

உங்கள் வீடு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. வெடிப்பைச் சிமெண்ட் வைத்துப் பூசுவதால் பயனில்லை, அடுத்த கோடையில் பக்கத்தில் வெடிக்கும். முதலில் ஈரத்தை ஒரே நிலையில் வைக்கப் பாருங்கள்: சுவரைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மீட்டர் அகலத்துக்குத் தளம், மழைநீரும் குளியலறைத் தண்ணீரும் தள்ளிப்போக வாட்டம், சுவரை ஒட்டி நிற்கும் வேம்பு இருந்தால் அதைப் பற்றி ஒரு முடிவு. அதன்பிறகும் வெடிப்பு நகர்ந்தால் பொறியாளரை அழையுங்கள்.

கோயம்புத்தூர், ஃபவுண்டரி நடத்துபவர்: பென்டோனைட் விற்க வருபவர்கள் எல்லாம் "எங்களுடையது சோடியம்" என்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பம்ப் காஸ்டிங்குக்குச் சோடியம்தான் வேண்டுமா?

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஃபவுண்டரியில் வார்ப்பு அச்சு செய்யும் மணலை ஒட்டவைப்பது பென்டோனைட்தான். இனி உங்கள் கேள்வி, கண்டுபிடிக்க அளவுக் குழல் போதும். 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் 2 கிராம் தூளைச் சிட்டிகை சிட்டிகையாக, முந்தையது மூழ்கியபின் அடுத்தது என்று பொறுமையாகத் தூவுங்கள். ஒரே கொட்டாகக் கொட்டினால் மேலே கட்டியாகி உள்ளே காய்ந்தே இருக்கும். மறுநாள் பார்த்தால் நல்ல சோடியம் பென்டோனைட் 24 மில்லிக்கு மேல் நிற்கும், கால்சியம் அதில் பாதிகூட வராது.

ஆனால் இயற்கையிலேயே சோடியமாக இருப்பதும், கால்சியம் மண்ணில் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டுப் பிசைந்து சோடியமாக்கியதும் இந்தச் சோதனையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியலாம். பின்னது தவறான சரக்கு இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான் ஓடுகிறது. உப்பும் சுண்ணாம்பும் உள்ள கடினமான போர்வெல் தண்ணீரை மணலில் விட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் கால்சியம் திரும்ப ஏறி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சோடியம் குணம் மெல்ல மெல்லப் போய்விடும். உங்கள் தண்ணீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

சோடியம்தான் வேண்டுமா என்றால், வார்ப்பைப் பொறுத்தது. சோடியம் வகை சூட்டில் வலு குறையாமல் நிற்கும், பல சுற்று தாங்கும். கனமான இரும்பு வார்ப்புக்கும் ஸ்டீலுக்கும் அதுதான். கால்சியம் வகையில் ஈர மணலின் வலு சீக்கிரம் வரும், பேட்டர்னை, அதாவது அச்சு எடுக்கும் மாதிரியைச் சுற்றி மணல் நன்றாக ஓடும், வார்ப்பு ஆறியபின் மணல் சுலபமாக உதிரும். சின்னச் சின்ன பம்ப் பாகங்களுக்கு இரண்டையும் கலந்து பயன்படுத்துகிறவர்கள் உண்டு, அது கஞ்சத்தனம் இல்லை, விவரம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1400 டிகிரி இரும்பைத் தொட்ட மணலில் உள்ள களிமண், கட்டமைப்பில் இருந்த தண்ணீரையும் இழந்து செத்துப்போகும், அப்புறம் எத்தனை தண்ணீர் விட்டாலும் ஒட்டாது. ஆனால் சல்லடைக்கு அது இன்னும் களிமண்ணாகத்தான் தெரியும். அதனால் மணலில் மொத்தக் களிமண் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, உயிரோடு இருப்பது எவ்வளவு என்று பாருங்கள். அதற்கு மெத்திலீன் நீலச் சாயச் சோதனை. 5 கிராம் மணலைக் கொதிக்க வைத்து ஆற்றிய கரைசலில் சாயத்தைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டை வடிதாளில் வையுங்கள். உயிருள்ள தகடுகள் சாயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை நடுவில் கரும்நீலப் பொட்டும் சுற்றிலும் வெறும் ஈரமும்தான் தெரியும். தகடுகள் நிறைந்ததும் பொட்டைச் சுற்றி வெளிர்நீல வளையம் ஒன்று விரியும். வளையம் வந்த இடத்தில் எத்தனை மில்லி சாயம் போயிற்று என்பதுதான் கணக்கு. வேலையாட்களுக்கு முகக்கவசம் கொடுங்கள். மணல் தூசியிலும் பென்டோனைட் தூசியிலும் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

நாமக்கல், கோழிப்பண்ணையாளர்: தீவனத்தில் டாக்ஸின் பைண்டர் என்று போடுவது வெறும் மண் என்கிறான் என் பையன். மண்ணுக்கா இவ்வளவு காசு கொடுக்கிறோம்?

பையன் சொல்வது பெரும்பாலும் சரி. பைண்டர்களில் பல பென்டோனைட்தான், சிலவற்றில் ஈஸ்ட்டின் செல்சுவரும் சேர்ந்திருக்கும். மண் என்பதற்காக மட்டமாக நினைக்க வேண்டாம். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடித்தால் உண்டாகும் அஃப்ளாடாக்ஸின் பி1 மூலக்கூறு தட்டையானது, அந்தத் தகடுகளுக்கு நடுவில் போய் நன்றாகச் செருகிக்கொள்ளும். குடலில் உறிஞ்சப்படாமல் எச்சத்தோடு வெளியே போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் கோழி, பன்றி, மாடுகளுக்கு இந்தக் காரியத்துக்கென்றே பென்டோனைட்டை அனுமதித்தது, டன் தீவனத்துக்கு 20 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்போடு. நம் பண்ணைகளில் போடுவது அதில் சிறு பங்குதான்.

ஆனால் விற்பனையாளர் "எல்லா நஞ்சையும் பிடிக்கும்" என்றால் நம்பாதீர்கள். டி-2 போன்ற வேறு பூஞ்சண நஞ்சுகள் உருவத்திலும் குணத்திலும் வேறு, இந்தத் தகடுகளுக்கு நடுவில் அவை சரியாக நிற்பதில்லை. அதுபோக நல்லது கெட்டது பார்த்துப் பிடிக்கத் தெரியாத மண் இது, சில மருந்துகளையும் சேர்த்துப் பிடித்துவிடும். மேக்ரோலைடு வகை ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் கூடவே கொடுக்கக்கூடாது என்று அதே ஐரோப்பிய விதியில் எச்சரிக்கை இருக்கிறது. உங்கள் கால்நடை மருத்துவரிடம் இதைக் கட்டாயம் பேசுங்கள். மக்காச்சோளத்தை ஈரத்தோடு வாங்கிக் குவித்துவிட்டு மேலே மண்ணைத் தூவுவதைவிட, ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குவது மலிவு.

ஈரோடு வாசகி: ரீஃபைன்ட் எண்ணெயில் மண் கலக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்தது. வதந்திதானே?

வதந்தி இல்லை அம்மா, பாதி உண்மை. எண்ணெயின் நிறத்தை வெளுக்க, அமிலத்தில் வேகவைத்த பென்டோனைட்டை நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு சேர்த்து, காற்று இல்லாத கலனில் 100 டிகிரி அளவில் அரை மணி நேரம் கலக்குவார்கள். அப்புறம் மண்ணை முழுக்க வடிகட்டி எடுத்துவிடுவார்கள், பாட்டிலுக்குள் மண் வருவதில்லை. அமிலம் பட்டதில் இந்த மண்ணின் வீங்கும் குணம் போய், நுண்துளைகள் பெருகியிருக்கும். அந்தத் துளைகளில் பச்சையம், கரோட்டின், சோப்புக் கசடு, இரும்பு செம்பு போன்றவற்றின் துளிகள் எல்லாம் சிக்கிக்கொள்ளும். சிவப்புப் பாமாயில் வெளிர் மஞ்சளாக வருவதில் இதற்கும் பங்கு உண்டு, கூடவே கரோட்டின் சத்தும் போகிறது என்பது உண்மை. செக்கு எண்ணெயா ரீஃபைன்டா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. மண்ணைச் சாப்பிடுகிறோம் என்பது மட்டும் பொய். ஆபத்து ஆலைக்காரர்களுக்குத்தான்: எண்ணெய் ஊறிய பழைய மண்ணைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி: உடலில் உள்ள நச்சை எடுக்கப் பென்டோனைட் குடிக்கலாமா? முகத்துக்குப் பூசலாமா?

முகத்துக்குப் பூசலாம், முல்தானி மட்டியும் ஏறக்குறைய இதே வகைதான். எண்ணெய்ப் பசையை எடுக்கும். வறண்ட சருமம் என்றால் இழுத்துக் காயவிடாதீர்கள்.

குடிக்க வேண்டாம். கோழிக்குச் சொன்னேனே, நல்லது கெட்டது பார்க்காது என்று, மனிதருக்கும் அதேதான்: நீங்கள் சாப்பிடும் தைராய்டு மாத்திரையையும் பிடித்துக்கொள்ளலாம். அதோடு மண் என்றால் அது பிறந்த இடத்தின் உலோகங்களும் சேர்ந்தே வரும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016-இல் இரண்டு பென்டோனைட் தயாரிப்புகளில் ஈயம் இருப்பதாக எச்சரித்தது. வயிற்றுப்போக்குக்கு இதே குடும்பத்து மண் ஒன்று மருந்தாகவே பல நாடுகளில் உண்டு, அதையும் ஈயத் தடயம் கருதி 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரான்ஸ் 2019-இல் சொல்லிவிட்டது. நச்சை எடுக்க உங்களுக்கு ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

ராமநாதபுரம் விவசாயி: பண்ணைக்குட்டையில் தண்ணீர் நிற்கவில்லை, மணல் பாங்கு. பிளாஸ்டிக் ஷீட்டுக்குப் பதில் பென்டோனைட் போடலாமா?

போடலாம், ஆனால் உங்கள் ஊரில் ஒரு தடங்கல். தண்ணீரில் உப்பு இருந்தால் சோடியம் பென்டோனைட் வீங்காது. உப்புக்கரைசலில் தகடுகள் விலகாமல் கூடிக் கட்டியாகிவிடும். கடல்நீரில் துளையிடுகிறவர்கள் இதனால்தான் அட்டபுல்கைட் என்ற வேறு களிமண்ணுக்குப் போகிறார்கள். அதனால் ஃபவுண்டரிக்காரருக்குச் சொன்ன அதே 2 கிராம் சோதனையை ஒன்றில் மழைநீரும் மற்றதில் குட்டையில் நிரப்பப்போகும் தண்ணீரும் வைத்துச் செய்யுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக வீங்கினால் தாராளமாகப் போடலாம். போர்வெல் தண்ணீர்க் குழலில் அடியிலேயே உட்கார்ந்துவிட்டால் ஷீட்டே போடுங்கள்.

மழைநீர் மட்டும்தான் என்றால், மேலாகத் தூவிவிட்டுப் போகாமல், மேல்மண் அரை அடியோடு கலந்து, லேசாக ஈரமாக்கி, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். மண்ணைப் பொறுத்துச் சதுர மீட்டருக்கு 5 முதல் 15 கிலோ பிடிக்கும். 10 என்று வைத்தாலும் கால் ஏக்கர் குட்டைக்கு 10 டன், கட்சிலிருந்து லாரி வாடகையையும் போட்டுப் பாருங்கள். ஆடு மாடு இறங்குகிற குட்டைக்கு இது ஒத்துவராது, குளம்பு படலத்தைக் குத்திவிடும்.

மதுரை, எலக்ட்ரீஷியன்: எர்த் குழாயைப் புதைக்கும் எர்த் பிட்டில் உப்பும் கரியும் போடுவதா, பென்டோனைட்டா?

குழாயைச் சுற்றி ஈரத்தைப் பிடித்துவைப்பதுதான் இங்கே வேலை. ஈரம் நிற்கிற இடம் என்றால் பென்டோனைட். உப்பு மழையில் கரைந்து போகும், இருக்கும்வரை குழாயை அரிக்கும். ஆனால் பென்டோனைட் முழுக்கக் காய்ந்தால் சுருங்கிக் குழாயை விட்டு விலகிவிடும், அப்போது எர்த் இருந்தும் இல்லாத கதை. மதுரைக் கோடையில் பிட்டுக்கு அவ்வப்போது தண்ணீர் விட ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

சென்னை, பூனை வளர்ப்பவர்: பூனை மணல் நனைந்ததும் உருண்டையாகிறதே, இதுவும் அதுதானா? டாய்லெட்டில் போடலாமா?

அதுதான், சோடியம் வகை. டாய்லெட்டில் போட்டால் உருண்டை குழாய்க்குள் போய் இன்னும் வீங்கும். பிளம்பருக்கு நல்ல நாள்.

தஞ்சாவூர், பள்ளி ஆசிரியர்: அணு உலைக் கழிவைப் புதைக்கவும் இந்த மண்ணைப் பயன்படுத்துவதாகப் படித்தேன். மண்ணை நம்பியா?

ஆமாம். பின்லாந்தில் ஓல்கிலுவோட்டோ தீவில் 400 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் பாறையைக் குடைந்து ஓன்கலோ என்ற இடத்தைத் தயார் செய்திருக்கிறார்கள். பயன்படுத்திய எரிபொருளைச் செப்புக் கலனில் வைத்து, பாறைக்கும் கலனுக்கும் நடுவில் இறுக்கி அழுத்திய பென்டோனைட் கட்டிகளை அடுக்குவது திட்டம். பாறையில் கசிகிற நீர் பட்டதும் கட்டி வீங்கப் பார்க்கும், விரிய இடம் இல்லாததால் பல மெகாபாஸ்கல் அழுத்தத்தோடு எல்லா இடுக்கையும் அடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் தண்ணீர் அதற்குள் ஓட முடியாது, மிக மெதுவாக ஊடுருவத்தான் முடியும். எஃகையும் கான்கிரீட்டையும்விட மண்ணை நம்புவது வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் இந்த மண் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமிக்குள் கெடாமல் கிடந்ததற்குச் சாட்சி வயோமிங்கிலேயே இருக்கிறது, எஃகுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது.

திருச்செங்கோடு, ரிக் வண்டி உரிமையாளர்: ஊர் ஊராகப் போர் போடுகிறோம், பென்டோனைட் மூட்டையைப் பார்த்ததே இல்லையே?

உங்களுக்குத் தேவைப்படாது. நீங்கள் போடுவது பாறையில், கம்ப்ரசர் காற்றில். மேல்மண்ணுக்குக் கேசிங் பைப் இறக்கிவிட்டால் கீழே பாறை தானாக நிற்கும், வெட்டுத்தூளைக் காற்றே வெளியே ஊதித்தள்ளும். காவிரி டெல்டாவில் வண்டலும் மணலும் நூறு அடிக் கணக்கில் கிடக்கிறது, அங்கே ரோட்டரி போடுகிறவர்களைக் கேளுங்கள், சேறு கலக்காமல் பத்தடி இறங்க மாட்டார்கள்.

டெல்டாவில் போர் போடப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். மெட்ரோ குழியில் சுவரைக் காப்பாற்றிய அதே படலம், தண்ணீர் வர வேண்டிய மணல் அடுக்கையும் அடைத்துக்கொண்டிருக்கும். ஃபில்டர் பைப் இறக்கிய பின் கம்ப்ரசர் விட்டும், தண்ணீரை முன்னும் பின்னும் அலசியும், கலங்கல் போய்த் தெளியும்வரை கழுவ வேண்டும். அரை நாள் வாடகையை மிச்சம் பிடிக்க இதைத் தவிர்த்துவிட்டு, "இந்த இடத்தில் ஊற்று குறைவு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மீதிப் பணத்தைக் கழுவி முடித்தபின் கொடுங்கள்.